சூடு பார்க்கும் குழல்

சின்யோர் என்று நாங்கள் கூப்பிடுகிற இத்தாலிக்கார ஐயா அதை முதன்முதலாக என் கையில் வைத்தபோது, கடலில் கப்பல் பார்க்கிற தூரக் கண்ணாடியாக்கும் என்று நினைத்தேன். ஒரு கண்ணுக்கு மட்டும் உள்ளது. உள்ளங்கைக்குள் அடங்கும். கறுப்பு ரப்பர் போர்த்த குழல். முன்பக்கம் ஒரு மூடி, பின்பக்கம் கண்ணை வைக்க ஒரு ரப்பர்க் கிண்ணம்.

"பார்" என்று சொல்லிவிட்டு எங்கள் அறை விளக்கை அணைத்தார்.

கண்ணை வைத்தேன். இருட்டுக்குள் என் மனைவி தெரிந்தாள். குசினி வாசலில் நின்றாள். முகம் இல்லை. வெள்ளையாக ஓர் உருவம். பாத்திரம் கழுவிய ஈரத்தில் ஒரு கையின் விரல்கள் மட்டும் கறுத்திருந்தன. அவளுக்குப் பின்னால் அப்போதுதான் இறக்கிய சோற்றுப்பானை பகல் வெயில் மாதிரி எரிந்தது. கதவுநிலையில் ஊன்றியிருந்த மற்றக் கையை அவள் எடுத்தபோது, அந்தக் கையின் வடிவம் மரத்திலேயே கொஞ்ச நேரம் நின்று, பிறகு மங்கிப் போனது.

"என்னப்பா பாக்கிறியள்?" என்று கேட்டாள்.

"நீர் தெரியிறீர்."

"இந்த இருட்டுக்கையோ?"

"ஓம்."

"முருகா. லைற்றைப் போடச் சொல்லுங்கோ அந்த மனுசனை."

சின்யோருக்குத் தமிழ் விளங்காது. ஆனால் அவள் சொன்ன விதம் விளங்கியிருக்க வேண்டும். சிரித்துக்கொண்டே விளக்கைப் போட்டார்.

நாங்கள் வீடு என்று சொல்லிக்கொண்டது பலேர்மோ நகரத்தின் சீசாப் பகுதியில் ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடத்தின் வாசலறை. வாசலில் கண்ணாடி அடைத்த ஒரு கூண்டு. அதற்குள் மேசை, கதிரை, திறப்புகள் தொங்கும் பலகை. கூண்டுக்குப் பின்னால் இரண்டு அறையும் குசினியும். பகலில் நான் கூண்டுக்குள் இருப்பேன். படி கழுவுவேன், தபால் பிரித்து வைப்பேன், மேல்மாடியில் தனியாக இருக்கிற வயதான சின்யோராக்களுக்குத் தண்ணீர்ப் போத்தல் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுப்பேன். அந்த வேலை இருக்கும் வரைக்கும் அந்த அறைகள் எங்களுக்கு. வேலை போனால் அறைகளும் போகும். மகளுடைய பள்ளிக்கூடம் பக்கத்துத் தெருவில். பெர்மெசோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கக் குவெஸ்தூராவுக்கு, அங்கத்தைப் பொலிஸ் கந்தோருக்கு, போனால் என்ன வேலை என்று கேட்பார்கள், எங்கே இருக்கிறாய் என்று கேட்பார்கள். இரண்டுக்கும் என்னிடம் இருந்த பதில் அந்த ஒரு வாசலறைதான்.

அந்த வருடங்களில் பலேர்மோவில் வாசல்காரரை நிற்பாட்டிவிட்டு, ஆளின் படம் காட்டுகிற அழைப்புமணி பூட்டுகிற வழக்கம் பரவிக்கொண்டிருந்தது. எங்கள் கட்டடத்துக்காரர் வருட முடிவில் கூடுகிற கூட்டத்திலும் அந்தக் கதை வரும். ஒவ்வொரு முறையும் அதை மறித்தவர் சின்யோர்தான். கட்டடத்தில் பெரும்பங்கு அவருடையது. "இந்த மனிதன் இருக்கட்டும்" என்று அவர் சொன்னால் நாங்கள் இருப்போம். எங்களுடைய அத்திவாரம் அவ்வளவுதான்.

ஆகவே, பக்கத்து மலையூரான மொன்றியாலேக்கு மேலே இருக்கிற தன் காணிக்குப் பன்றி சுட வருகிறாயா என்று அவர் கேட்டபோது நான் யோசிக்கவில்லை. "வாறன்" என்றேன். வேறு என்ன சொல்வது.

அவருக்கு அங்கே ஒலிவ் தோட்டமும் வைன் பிழிகிற முந்திரிகைக் கொடி கொஞ்சமும் இருந்தன. காட்டுப்பன்றிகள் இரவில் இறங்கி வந்து வேரோடு கிண்டிவிட்டுப் போகும். அவற்றைக் குறைக்க அவர் அனுமதி எடுத்து வைத்திருந்தார். குழலையும் அதற்கென்றே வாங்கினார். வாங்கிய பிறகுதான் ஒரு சிக்கல் தெரிந்திருக்கிறது. குழலுக்குள்ளே ஒரு சின்னத் திரை. இருட்டில் அதைப் பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்தால், வெளிச்சத்தில் இருந்து திடீரென்று இருட்டறைக்குள் போனவன் மாதிரி, கொஞ்ச நேரத்துக்கு ஒன்றும் தெரியாது. இளங்கண் சீக்கிரம் தேறிவிடும். அவருடைய கண்ணுக்கு வயது போய்விட்டது. துப்பாக்கியில் இருந்ததோ சாதாரணக் கண்ணாடி. அதால் குறிபார்க்க வேண்டுமென்றால் கண் இருட்டுக்குப் பழகியிருக்க வேண்டும். குழலை அவரே பார்த்தால் சுட முடியாது. பார்க்காவிட்டால் எங்கே சுடுவது என்று தெரியாது.

அதற்குத்தான் நான். நான் குழலைப் பார்த்துச் சொல்ல வேண்டும். "சி" என்றால் ஓம், இருக்கிறது. பிறகு எந்த மரத்தடி, எந்தப் பக்கம். அவ்வளவும் சொன்னால் மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார்.

நான் வன்னியில் இருந்து, சண்டை முடிந்த பிறகு வந்தவன். அங்கே இருந்து நாங்கள் மூன்று பேரும் உயிரோடு வெளியே வந்த அன்று, இனி மச்சம், மீனோ இறைச்சியோ, தொடமாட்டேன் என்று முருகனிடம் சொன்னேன். தொடவில்லை. மனைவியும் அப்படியே. அப்படிப்பட்ட ஒருவனைத்தான் சின்யோர் தன் கண்ணாகப் பிடித்திருந்தார். அவருக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் அதில் என்ன இருக்கிறது என்றுதான் கேட்டிருப்பார். நான் அவரிடம் சொன்னதுமில்லை.

தோட்டத்தின் ஓரத்தில் உயரமான பரண் கட்டியிருந்தார். நாலு பக்கமும் பலகை. முன்பக்கம் ஒரு சின்ன யன்னல். ஏறியதும் ஏணியை மேலே இழுத்து வைத்துவிடுவார். துப்பாக்கியில் குண்டு ஏறிய பிறகு இறங்குகிற கதை இல்லை. இருமக் கூடாது. காலை மாற்றி வைக்கக் கூடாது. தேநீர் கூடாது, மணக்கும். விபூதி பூசிக்கொண்டு போன ஒரு நாள், அதுவும் மணக்கும் என்று துடைக்கச் சொன்னார். யன்னலுக்குக் கண்ணாடி போட முடியாது. கண்ணாடிக்கு ஊடாக அந்தக் குழல் பார்க்காது. வீட்டில் ஒரு தரம் யன்னல் கண்ணாடிக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன், தெரு தெரியவில்லை, என்னுடைய சொந்த வெள்ளை உருவம்தான் தெரிந்தது. ஆகவே பரணுக்குள் காற்று நேராக நெஞ்சில் வந்து இறங்கும். அவருடைய முழங்கால் என் முழங்காலோடு இடிக்கும். அந்தப் பெட்டிக்குள் இரண்டு பேர் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்கும்.

குழலைப் பழக எனக்குக் கொஞ்ச நாள் எடுத்தது. முன்னிரவில் கல்லெல்லாம் பகல் வெயிலைக் குடித்துவிட்டு மிருகம் மாதிரி வெள்ளையாகக் கிடக்கும். முதல் நாள் ஒரு கல்லைக் காட்டி "சி" என்று சொல்லி அவரைத் துப்பாக்கி தூக்க வைத்தேன். பிறகு விளங்கியது. கல் மெல்ல மெல்லக் கறுக்கும். உயிர் கறுக்காது. முயல் ஒரு நெல் அளவில் ஓடும். நரி நடக்கும்போது வாலின் நுனி மங்கலாக இருக்கும். பன்றியின் முகம் முன்னால் பிரகாசமாக, முதுகு மயிர் கொஞ்சம் இருண்டு. இடைக்கிடை குழல் தானாகவே 'டிக்' என்று ஒரு சத்தம் போட்டு, படம் ஒரு கணம் உறைந்து நிற்கும். 

முதல் பன்றியை அவர் சுட்ட இரவில், விழுந்த பிறகும் நான் குழலை எடுக்கவில்லை. எடுக்க வேண்டும் என்று தோன்றவில்லை. அது விழுந்து கிடந்தது. கொஞ்ச நேரம் வெள்ளையாகவே கிடந்தது. காது முதலில் கறுத்தது. பிறகு கால்கள்.

"நல்ல கண்" என்று சின்யோர் என் முதுகில் தட்டினார்.

ஒவ்வொரு தடவையும் இறைச்சியில் ஒரு துண்டை உறையில் போட்டுத் தருவார். வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. வாசலறைக்குள் கொண்டுவர மனைவி விடமாட்டாள். துறைமுகத்தில் கப்பல் சாமான் இறக்குகிற எங்கள் தம்பி ஒருவன் இருந்தான். உடன்பிறந்தவன் இல்லை. ஆனால் அகதி முகாமில் எங்களுக்குப் பக்கத்துக் கூடாரம். வேதக்காரப் பிள்ளை, தேவாலயத்துக்குப் போகிறவன், எல்லாம் சாப்பிடுவான். அவனுக்கு ரெலிபோன் எடுத்தால் பஸ் பிடித்து வந்துவிடுவான்.

"அண்ணை, உங்கட விரதத்தால எனக்கு ஒரு சுத்து வயிறு கூடிப்போச்சு" என்பான்.

"பகிடி விடாதை. கொண்டு போ."

"இல்லை, கேக்கிறன். மச்சம் சாப்பிடாத ஆளுக்குப் பண்டி எப்பிடியண்ணை வந்து தெரியுது? எனக்கெண்டால் கண்ணுக்கு முன்னால நிண்டாலும் மரக்குத்தி எண்டுதான் நினைப்பன்."

"குழல் காட்டுது. நான் எங்கை பாக்கிறன்."

"அப்ப குழலைக் கொண்டுபோய்ப் பரணில வைச்சிட்டு நீங்கள் படுக்கலாமே."

அவன் பகிடியாகச் சொன்னதுதான் என்னை இரவெல்லாம் குடைந்தது. வன்னியில் கடைசி மாதங்களில் எங்கள் தலைக்கு மேலே ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கும். வண்டு என்று சொல்லுவோம், வண்டு மாதிரித்தான் இரையும். அது இருட்டிலும் பார்க்கும், ஆளின் சூட்டைப் பார்க்கும் என்று சனம் கதைத்தது. உண்மையோ பொய்யோ தெரியாது. நாங்கள் இரவில் அடுப்பு மூட்டவில்லை. பங்கர்க் குழிக்குள் கைக்குழந்தையாக இருந்த மகளை நடுவில் விட்டு, நானும் மனைவியும் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு கிடப்போம். எங்கள் சூடு மேலே தெரியாமல் இருக்கட்டும் என்று நான் ஈரச் சாக்கை இழுத்து மூடுவேன். குழந்தை வெந்துபோகும் என்று அவள் அதை விலக்குவாள். நான் திரும்ப மூடுவேன்.

இப்போது அந்தக் கண் என்னிடம் இருந்தது. சின்யோர் அதை என்னிடமே விட்டு வைத்திருந்ததால், வேட்டைக்குப் போகிற சனிக்கிழமைகளில் அதற்கு நான் சார்ச் ஏற்றி வைத்தேன்.

மனைவியிடம் ஒரு நாள் சொன்னேன், இது எனக்கு ஏலாது என்று. அவள் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள்.

"நீங்கள் சுடுறியளோ? இல்லை. தின்னுறியளோ? அதுவும் இல்லை. பாக்கிறியள். பாக்கிறதெல்லாம் பாவமெண்டால் மனுசர் கண்ணை மூடிக்கொண்டெல்லோ திரிய வேணும்."

"நான் 'சி' எண்டு சொன்னாப் பிறகுதானே அவர் சுடுறார்."

"சொல்லாட்டில் இந்த அறையை விட்டு எங்கை போறது? பிள்ளையைக் கொண்டு திரும்பவும் கூடாரத்துக்கோ?"

அவள் அடுத்த உடுப்பை எடுத்து மடித்தாள். அவள் சொன்னதில் பிழை இல்லை. அதுதான் வில்லங்கம். யாராவது ஒருவர் பிழையாகச் சொல்லியிருந்தால் கோபப்பட்டாவது இருக்கலாம்.

ஞாயிறுகளில் வழக்கம் போல வெறுங்காலோடு மலைக்கோவிலுக்கு ஏறுவேன். அது வேதக்காரர் கோவில்தான், ஆனால் குகைக்குள் சிலையாகப் படுத்திருக்கிற அந்தப் புனித அம்மாவிடம் எங்கள் ஆட்கள் கேட்காதது இல்லை. விசா கேட்பார்கள், பிள்ளை கேட்பார்கள். நான் மழை கேட்டேன். மழை பெய்தால் அந்த இரவு வேட்டை இல்லை. அந்த வருடம் புரட்டாசியில் ஒரு துளி விழவில்லை.

நவராத்திரி வந்தது. பின்னறை மூலையில் சரஸ்வதி படம் வைத்து மனைவி சோடித்திருந்தாள். கடைசி நாள் பூசைக்கு நாங்கள் வேலைச் சாமான்களைப் படத்துக்கு முன்னால் வைப்பது வழக்கம். மகளுடைய புத்தகங்கள், மனைவி வீடுகள் துடைத்து மினுக்கப் போகும்போது கொண்டுபோகிற கையுறைகள், என்னுடைய திறப்புக் கோர்வை. பின்னேரம் கூண்டைப் பூட்டிவிட்டு உள்ளே வந்தால், திறப்புக் கோர்வைக்குப் பக்கத்தில் வெற்றிலையில் அந்தக் குழல் இருக்கிறது. மூடி கழன்றிருந்தது. முன் கண்ணாடியின் நட்டநடுவில் சந்தனம், அதற்கு மேல் குங்குமம்.

"இதை ஏனப்பா வைச்சனீர்?"

"வேலைச் சாமான்தானே. இதாலதானே இருக்கிற இடம் நிலைக்குது."

"கண்ணாடியில பொட்டு வைச்சிருக்கிறீர்."

"பின்னை? முகத்தை மூடி வைச்சுக்கொண்டு மூடிக்கோ பொட்டு வைக்கிறது?"

அவலும் கடலையும் சாப்பிட வந்திருந்த துறைமுகத்துத் தம்பி படத்தைப் பார்த்தான், குழலைப் பார்த்தான். "அக்கா, சரஸ்வதிக்கு வீணை போதாதெண்டு வெடிகாரர் சாமானும் குடுத்தாச்சோ?"

"நீர் வாய்க்குள்ள கடலையைப் போடும்."

மகள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதுவரைக்கும் நான் அந்தக் குழலைச் சின்யோருடைய பொருளாக வைத்திருந்தேன். ஏதோ நடக்கிறது, எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று. இப்போது அது பூ வைத்து, பொட்டு வைத்து, என்னுடைய தொழில் என்று படத்துக்கு முன்னால் இருந்தது.

கற்பூரம் காட்டி முடிகிற நேரம் ரெலிபோன் அடித்தது. சின்யோர். காற்று மலையில் இருந்து இறங்குகிறதாம், நேற்றிரவு ஒலிவ் மரத்தடி எல்லாம் கிண்டிவிட்டனவாம், இன்றைக்கு விடக்கூடாதாம். வாசலில் ஜீப்போடு நிற்கிறார்.

"பூசையில வைச்சதை விடியமுன்னம் எடுக்கப்படாது" என்றாள் மனைவி.

"அப்ப போகேல்லை எண்டு சொல்லட்டோ?"

அவள் படத்தைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். பிறகு இன்னொரு தரம் கற்பூரம் கொளுத்தி, தாயே மன்னிச்சுக்கொள் என்று கும்பிட்டு, வெற்றிலையில் இருந்து குழலை எடுத்துத் தன் கையாலேயே தந்தாள். தரும்போது சேலைத் தலைப்பால் பொட்டைத் துடைத்தாள்.

சந்தனம் காய்ந்திருந்தது. துடைத்ததில் அது போகவில்லை, பரவியது. பரணில் ஏறி இருந்து கண்ணை வைத்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. படம் முழுக்கப் புகை. நடுவில் கறுப்பாக ஒரு திட்டு. மரம் எது, மண் எது என்று பிரிக்க முடியவில்லை. இந்தக் குழலை அவர் எவ்வளவு கவனம் சொல்லி என்னிடம் தந்து வைத்திருந்தார் என்று எனக்குத் தெரியும். கண்ணாடி கெட்டுப்போயிருந்தால் வாசலறை அன்றோடு சரி. வாயைத் திறக்காமல், தெரியாததைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நிலவு மலைக்குப் பின்னால் இறங்கியது. கீழே சுள்ளி முறிகிற சத்தம் கேட்டது. சின்யோரும் கேட்டார். அவருடைய முழங்கால் இறுகியது. துப்பாக்கியை யன்னலில் வைத்தார்.

"இருக்கிறதா?" என்று காதுக்குள் கேட்டார்.

புகைக்குள் ஏதோ வெள்ளையாக இருந்தது. பன்றியாக இருக்கலாம். பக்கத்துக் காணிக்காரரின் மாடாக இருக்கலாம். நத்தை பொறுக்க வருகிற மனிதராகவும் இருக்கலாம், அப்படியும் அங்கே வருவார்கள்.

"சி, இல்லாட்டில் நோ. சொல்லு."

"தெரியவில்லை, சின்யோர். சுடவேண்டாம். கண்ணாடியில் பூசியிருக்கிறது."

"என்ன பூசியிருக்கிறது?"

எனக்குத் தெரிந்த இத்தாலியனில் சொன்னேன். எங்கள் தெய்வத்துக்கு முன்னால் வைத்தோம், மனைவி பொட்டு வைத்தாள், மரத்தை அரைத்து எடுக்கிற வாசனைச் சாந்து. சொல்லி முடித்துவிட்டு, நடக்கப் போவதற்காகத் தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன். பயம் ஒரு பக்கம் இருக்க, ஒரு சுகமும் இருந்தது. சரி, இத்தோடு முடிந்தது என்று.

அவருடைய தோள் குலுங்கியது. சத்தம் வராமல் சிரித்தார். சட்டைப் பையில் இருந்து ஒரு மெல்லிய துணி எடுத்து, குழலை என்னிடம் இருந்து வாங்கி, வாயால் ஊதி, இருட்டிலேயே சுற்றிச் சுற்றித் துடைத்தார். மூக்கில் வைத்து மணந்து பார்த்தார்.

"நல்லது" என்றார். "ஆசீர்வாதம் வாங்கியிருக்கிறது. இன்றைக்கு விழும்."

குழலைத் திரும்ப என் கையில் வைத்தார்.

கண்ணாடி பளிங்கு மாதிரி இருந்தது. அப்படித் தெளிவாக நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. ஒலிவ் மரத்தின் அடியில், கிண்டி வைத்த மண்ணின் குழிக்குள், ஒரு பெரிய வெள்ளை. கிடந்தது. அதன் வயிற்றோடு ஒட்டிச் சின்ன வெள்ளைகள். எத்தனை என்று தெரியாதபடி ஒன்றுக்குள் ஒன்று புகுந்து, ஒரே சூடாக. அந்தப் பக்கம் இன்னொரு பெரியது, குட்டிகளை நடுவில் விட்டு முதுகைக் காற்றுக்குக் கொடுத்துக்கொண்டு கிடந்தது. குழல் 'டிக்' என்றது. படம் உறைந்தது. திரும்ப அசைந்தபோது ஒரு குட்டி தாயின் முதுகில் ஏறி, அங்கே ஒரு சின்ன வெளிச்ச அடையாளத்தை விட்டுவிட்டுச் சறுக்கி இறங்கியது.

"சி?" என்றார் சின்யோர்.

இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பூசை நாள். கையில் அம்மனுடைய சாமான். ஓம் என்று சொல்லவும் வரவில்லை.

குழலை அவரிடம் நீட்டினேன்.

"நீங்களே பாருங்கள், சின்யோர்."

அவர் ஏன் என்று கேட்கவில்லை. பழக்கத்தில் வாங்கி, குறிபார்க்கிற கண்ணிலேயே வைத்தார். அந்தச் சின்னத் திரையின் வெளிச்சம் அவருடைய கண்குழியில் விழுந்தது. நரைத்த இமைமயிர்கூடத் தெரிந்தது. பார்த்துக்கொண்டே இருந்தார். நான் நினைத்ததை விட அதிக நேரம். அவர் அங்கே என்ன பார்த்தார் என்று எனக்குத் தெரியாது. சின்னப் பிள்ளைகள் பலகாரக் கடைக் கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு நிற்பது மாதிரி வாய் கொஞ்சம் திறந்திருந்தது.

பிறகு குழலை வைத்துவிட்டுத் துப்பாக்கிக்குக் குனிந்தார். நிமிர்ந்தார். கண்ணைக் கசக்கினார். திரும்பக் குனிந்தார்.

"ஒன்றும் தெரியவில்லை" என்றார்.

மற்றக் கண்ணால் பார்க்க முயன்றார், துப்பாக்கி பலகையில் இடித்தது. கீழே ஓர் உறுமல். சுள்ளிகள் படபடவென்று முறிந்து, சத்தம் மேட்டுப் பக்கமாக ஏறி, அடங்கிப் போயிற்று.

அவர் துப்பாக்கியில் இருந்து குண்டை எடுத்தார். எடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். முகம் தெரியவில்லை.

"பார்த்தால் எனக்குக் கண் போகும் என்று உனக்குத் தெரியும்."

"தெரியும், சின்யோர்."

ஏணியை இறக்கினார்.  கட்டடத்து வாசலில் ஜீப்பை நிறுத்தி, கையை விரித்து நீட்டினார். குழலை அந்தக் கையில் வைத்தேன்.

விடிய மனைவியிடம் எல்லாம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"ஒரு சொல்லுத்தானேயப்பா. ஒரு 'சி'."

"குட்டியளை நடுவில விட்டுக்கொண்டு கிடந்துது."

அவளுடைய கை தண்ணீருக்குள் நின்றது. பிறகு களைந்தாள். ஏற்கெனவே களைந்த அரிசியைத் திரும்பவும் களைந்தாள்.

சின்யோர் அதற்குப் பிறகு என்னைக் கூப்பிடவில்லை. காலையில் கூண்டைக் கடக்கும்போது வழக்கம் போல வணக்கம் சொல்வார். அதே குரல். நான் அந்தக் குரலுக்குள் ஏதாவது இருக்கிறதா என்று தேடுவேன். ஒன்றும் இருக்காது. வருட முடிவுக் கூட்டம் வரைக்கும் அப்படியே போயிற்று. பரணில் இருந்ததை விட அந்த நாட்களில்தான் எனக்கு மூச்சு முட்டியது. பரணில் விடியும் என்றாவது தெரியும். மனைவி சாமான்களை ஒழுங்குபடுத்துகிறேன் என்று சொல்லிக்கொண்டு பெட்டிகள் சேர்க்கத் தொடங்கினாள். நான் காணாதது மாதிரி இருந்தேன்.

கூட்டம் முதலாம் மாடியில் நடந்தது. எல்லோரும் என் கூண்டைத் தாண்டித்தான் ஏறிப் போனார்கள், வணக்கம் சொல்லிக்கொண்டு. என்ன நடந்தது என்று மறுநாள் மேல்மாடிச் சின்யோரா சொன்னா. அழைப்புமணி வேண்டும் என்றவர்கள் கையை உயர்த்தியபோது சின்யோர் உயர்த்தவில்லையாம். வாசல்காரன் இருக்கட்டும் என்றவர்கள் உயர்த்தியபோதும் உயர்த்தவில்லையாம். கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு இருந்தாராம். மணிதான் வென்றது; அறைகளை விட்டுப் போகப் பள்ளிக்கூடம் விடுமுறை விடும் வரைக்கும் எங்களுக்குத் தவணை தந்தார்கள். சின்யோரா அழுதா. தண்ணீர்ப் போத்தலை இனி யார் தூக்குவது என்று கேட்டா. அது எனக்கும் தெரியவில்லை.

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவருக்கு இரவில் ஒரு கண் தேவையாக இருந்தது, நான் கையை விரித்துவிட்டேன். குழலை இப்போது அவருடைய மச்சான் பிடிக்கிறார் என்று கேள்விப்பட்டேன்.

பல்லரோச் சந்தைக்குப் பின்னால் ஒரு பழைய வீட்டின் மேல்மாடியில், இன்னொரு தமிழ்க் குடும்பத்தோடு பங்கு போட்டு ஓர் அறை எடுத்தோம். எனக்குப் பல கட்டடங்களில் படி கழுவுகிற வேலை கிடைத்தது. பெர்மெசோவுக்கு அது போதுமோ என்பது அப்போது தெரியாது. அந்தப் பயம் எங்களோடேயே படியேறி வந்தது.

வீடு மாறிய அன்று துறைமுகத்துத் தம்பி மரக்கறிக்காரர் ஒருவரிடம் ஒரு லாப்பா, அந்த மூன்று சில்லு வண்டி, இரவல் வாங்கிக்கொண்டு வந்தான். கட்டில், பெட்டிகள், சாமிப்படங்கள் எல்லாம் ஏறிவிட்டன. மிச்சம் குளிர்சாதனப் பெட்டி. புது வீட்டில் லிஃப்ற் இல்லை. படியும் ஒடுக்கம். அவன் கீழ்ப்பக்கம், நான் மேல்பக்கம். இடையில் ஒரு வளைவில் பெட்டி இறுகி நின்றுவிட்டது. மேலேயும் போகாது, கீழேயும் போகாது. அவன் அதற்கும் சுவருக்கும் நடுவில் நெரிந்துகொண்டு நின்றான். முகமெல்லாம் வேர்வை.

"அண்ணை" என்றான். "ஒரேயொரு சொல்லுச் சொல்லியிருந்தால் இந்தச் சனியனை நான் இண்டைக்குத் தூக்க வேண்டியதில்லை. எனக்குப் பண்டி இறைச்சியும் போச்சு, முதுகும் போச்சு."

 அவன் சொன்னதும் சரிதான்.

மேல் படியில் மனைவி, மகளுடைய புத்தகப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். அந்தக் குழலுக்காக என்னோடு இத்தனை நாளும் வாதாடினவள். இறங்கி வந்து, பெட்டியின் மூலையைத் தன் இரண்டு கையாலும் பிடித்தாள்.

"இவர் குழலுக்குள்ளால பாத்தது காணும், போதும், தம்பி" என்றாள். "நீர் தூக்கும்."